காட்டா நின்ற நாள்

அன்றைக்கு ஃபேக்டரி வாசலில் வரிசையாக நின்ற டிராக்டர்களில் ஒன்பதாவது என் அப்பாவுடையது, என் நைனாவுடையது. அது எனக்குத் தெரிந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அதுவரை நான் கேட்டுக்கு உள்பக்கம், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, நானே எழுதிய புரோகிராமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சித்தூருக்கு வெளியே, திருப்பதி போகும் சாலையில் இருக்கிற ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் எனக்கு வேலை. திருப்பதியில் எம்.சி.ஏ. படித்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். கம்ப்யூட்டர் என்று பெயர் சொல்லி எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டரில் காகிதம் சிக்கினால்கூட. ஆனால் நானாக யோசித்து, நானே எழுதி, உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்ட காரியம் ஒன்று உண்டு. அது எடைச்சீட்டு.

பெங்களூரா மாங்காய் சீசனில் விவசாயிகள் டிராக்டர் டிராக்டராகப் பழம் கொண்டுவருவார்கள். ஃபேக்டரி வாசலில் தரையோடு தரையாகப் பதித்த இரும்பு மேடை இருக்கிறது. வண்டி அதன்மேல் ஏறி நின்றால் எடை தெரியும். எங்கள் பக்கத்தில் அதைக் காட்டா என்போம். பக்கத்திலிருக்கும் பெட்டியில் எடை சிவப்பு எண்ணாக எரியும். முன்பு அதைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆளைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று சீசனுக்கு நாலு சண்டை வரும். அதனால் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அந்தப் பெட்டிக்கு ஃபேக்டரி நெட்வொர்க்குக்குள் ஒரு முகவரி உண்டு. இணையப் பக்கத்தைக் கேட்பதுபோல என் புரோகிராம் அந்த முகவரியைக் கேட்கும், பெட்டி எண்ணைச் சொல்லும், சீட்டு அச்சாகும், கேட் திறக்கும். நிர்வாகத்துக்கு அது பிடித்துப்போய், இனிமேல் கைச்சீட்டே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அந்த உத்தரவை நான் கொண்டாடினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குப் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே வரிசை சாலை வளைவு வரைக்கும் நீண்டிருந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு ஏழெட்டு வண்டியாவது உள்ளே போயிருக்கும். கேட் மூடிக்கிடந்தது. காட்டாவின்மேல் முதல் டிராக்டர் ஏறி நின்றபடி இருந்தது. அதன் பக்கத்தில் நின்று மேனேஜர் காட்டாக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

காட்டாக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். குடிபாலா பக்கத்துத் தமிழர். பதினாறு வருடமாக அந்த மேடையைப் பார்த்துக்கொள்கிறவர். மழைக்காலத்தில் மேடைக்கு அடியில் இறங்கிச் சேற்றைத் தன் கையால் வாருகிறவர். அவரை நடுரோட்டில், அத்தனை விவசாயிகளுக்கு முன்னால் மேனேஜர் தெலுங்கில் கிழித்துக்கொண்டிருந்தார். "சம்பளம் வாங்குவது எதற்கு? சீசனில் மெஷினைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? மெமோ அடிக்கச் சொல்லியிருக்கிறேன், வாங்கிக்கொள்" என்றார். சித்தூரிலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்.

கேட் அறையின் திரையில் பெரிய எழுத்தில், தமிழிலும் தெலுங்கிலும், ஒரே வரி: "தராசு வேலை செய்யவில்லை."

நான் பெட்டியைப் பார்த்தேன். மூடி இல்லாத நிலையிலும் சிவப்பு எண் தெளிவாக எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, எடை காட்டுதே!" என்றேன்.

"காலைலருந்து காட்டிக்கினுதாம்மா கீது" என்றார் காட்டாக்காரர். "நானும் சொல்லிக்கினேதான் கீறேன். யாரு கேக்கறாங்கோ? உன் டிவி சொல்றதத்தான் கேக்கறாங்கோ."

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பிரவுசரில் பெட்டியின் முகவரியை அடித்தேன். எண் வந்தது. கறுப்புத் திரையில், ஒரு முகவரியை நேரடியாகக் கேட்டுப் பார்க்கிற கர்ல் என்ற கட்டளை கொடுத்துக் கேட்டேன். எண் வந்தது. என் புரோகிராமை ஓட்டினேன். தராசு வேலை செய்யவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரியை எழுதியவள் நான். புரோகிராமுக்கு எதிர்பார்த்த எண் வராவிட்டால், காரணம் எதுவாக இருந்தாலும் சரி, அந்த ஒரு வரியைக் காட்டும்படி எழுதியிருந்தேன். கேட்டில் இருப்பவர்களுக்கு இங்கிலீஷில் நீளநீளமாகப் பிழை வந்தால் புரியாது, தமிழும் தெலுங்கும் போதும் என்று நினைத்துச் செய்தது. எண் வராவிட்டால் தராசுதான் கெட்டிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அந்தத் தீர்ப்பை வாசித்துவிட்டுத்தான் மேனேஜர் வெளியே ஒரு மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வரியை எடுத்துவிட்டு, பதிலாக என்னதான் வருகிறது என்று அப்படியே காட்டச் சொன்னேன். வந்தது எண்ணல்ல. ஒரு முழு இணையப் பக்கம். இந்த முகவரியை அடைய முடியவில்லை என்று இங்கிலீஷில் சொல்லி, கீழே திருப்பதியில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்து ப்ராக்ஸியின் பெயரைப் போட்டிருந்தது.

ப்ராக்ஸி என்பது இடையில் நிற்கும் கம்ப்யூட்டர். ஆபீஸிலிருந்து யார் இணையத்தில் எதைக் கேட்டாலும் அது வாங்கி, வெளியே கேட்டு, பதிலைத் திருப்பிக் கொடுக்கும். திருப்பதி ஆபீஸில் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எங்கள் ஃபேக்டரிக்கும் அதற்கும் அதுவரை ஒரு சம்பந்தமும் இல்லை. நான் கேட்டது முப்பதடி தள்ளியிருக்கும் பெட்டியை. பதில் சொன்னது எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறொன்று.

உடனே திருப்பதிக்குப் போன் போட்டேன். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர்; அந்த வருடம்தான் சேர்ந்தவர்.

"நேற்று எங்கள் கேட் சர்வரில் ஏதாவது மாற்றினீர்களா?" என்று தெலுங்கில் கேட்டேன்.

"இல்லையே மேடம். ஒன்றும் மாற்றவில்லை."

"ப்ராக்ஸி ஏதாவது?"

"பிரவுசரில் வருகிறதா?"

"வருகிறது."

"கர்லில்?"

"வருகிறது."

"அப்புறம் என்ன மேடம்? மீ கோட் சூசுகோண்டி" என்றார். உங்கள் கோடைப் பாருங்கள். போனை வைத்துவிட்டார்.

நான் அதை நம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்க வைப்பது அதுதான். ஒருவன் அவ்வளவு நிதானமாகச் சொன்னதும், இரண்டு மாதமாகத் தொடாத என் புரோகிராமின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் வரியிலிருந்து படித்தேன். எங்கேயும் ப்ராக்ஸி என்ற சொல்லே இல்லை. ப்ராக்ஸி வேண்டாம் என்று சொல்வதற்காக அந்த இடத்தில் காலிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். அதே பக்கம் வந்தது. இணையக் கோரிக்கைகளுக்காக நான் பயன்படுத்தும் நூலகத்தை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்தக் கோடுத் தொகுப்பை, அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அதே பக்கம். பழைய பிரதியைத் தேடியெடுத்து ஓட்டினேன். அதே பக்கம். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிராக்டர்காரர்கள் ஹாரன் அடித்து அலுத்து, அதையும் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். திரும்பினால் நைனா.

புத்தூருக்கு மேற்கே, கார்வேட்டிநகரம் போகும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் தோப்பு உண்டு. எனக்குச் சங்கடம் வேண்டாமென்று நைனா எப்போதும் எங்கள் ஃபேக்டரியைத் தவிர்ப்பார். அந்த வருடம் வேறெங்கும் டோக்கன் கிடைக்காமல் வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. தலையில் துண்டு, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நைனா! நீ எப்போ வந்தே?"

"நேத்து பொழுதோட கெளம்பி வந்துட்டம்மா. இங்கதான் கீறேன். ஒம்பதாவது வண்டி."

"எனக்கு ஒரு போன் போடக்கூடாதா? ஏதாவது துன்னியா?"

"துன்னேன், துன்னேன். அத உடு. இன்னா ஆச்சி மெஷினு? அடிப்பழம் சூடு ஏறிக்கினு கீது. இன்னும் ரெண்டு மணி நேரம் நின்னா கூழு இங்கியே ஆயிடும்."

"பாத்துக்கினுதான் கீறேன் நைனா."

"சரி சரி, பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஒரு கோபமும் இல்லாமல் போனார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் போனதும் மேனேஜர் உள்ளே வந்தார். யார் அவர் என்று கேட்டார். அப்பா என்றேன்.

"ஓஹோ. உங்கள் அப்பா வண்டி நிற்கிறது என்றுதான் இத்தனை பதற்றமா?" என்றார் சிரித்துக்கொண்டே. "அவசரப்பட்டு எதையாவது எழுதிவைத்துவிடாதீர்கள். எடை விஷயம்."

காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். வரிசையில் நிற்பது என் அப்பா என்பதே எனக்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் தெரியும். "சார், கொஞ்சம் வெளியே நில்லுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் வெளியே போனார்.

அந்தக் கோபத்தில்தான் எனக்குத் தெளிவு வந்தது என்று நினைக்கிறேன். என் புரோகிராமில் ப்ராக்ஸி இல்லை. காலிப் பட்டியல் கொடுத்தும் அது ப்ராக்ஸிக்குப் போகிறது. அப்படியானால் வேறெங்கிருந்தோ அதற்குச் சொல்லப்படுகிறது. "ஒன்றும் மாற்றவில்லை" என்ற அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக் கடாசிவிட்டு, அந்தக் கம்ப்யூட்டர் தன்னில் ஓடும் எல்லா புரோகிராம்களுக்கும் பொதுவாகக் கொடுத்து வைத்திருக்கும் அமைப்புகளைத் திரையில் கொண்டுவரச் சொன்னேன்.

இருந்தது. பெரிய எழுத்தில் HTTP_PROXY என்று. அதற்கு நேராகத் திருப்பதிக் கம்ப்யூட்டரின் முகவரி. அந்த அமைப்பு எழுதப்பட்ட கோப்பைப் பார்த்தேன். முந்தைய நாள் மாலை திருத்தப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்து நுழைந்திருந்தவர், என்னிடம் ஒன்றும் மாற்றவில்லை என்று சொன்ன அதே ஆள்.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. நான் பயன்படுத்தும் நூலகம், வேறெதுவும் சொல்லாவிட்டால், இந்தப் பொது அமைப்பைப் பார்த்து அதன்படி நடக்கும். காலிப் பட்டியல் கொடுப்பதை அது 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வதில்லை; 'நான் ஒன்றும் சொல்லவில்லை' என்றுதான் எடுத்துக்கொள்கிறது. கர்ல் அப்படியல்ல. சாதாரண இணைய முகவரிக்கு அது சின்ன எழுத்தில் இருக்கும் http_proxy-யை மட்டும்தான் மதிக்கும். பெரிய எழுத்தில் இருந்தால் கண்டுகொள்ளாது. அதனால் அது நேராகப் பெட்டிக்குப் போய் எண்ணை வாங்கி வந்தது. பிரவுசருக்குத் தனி அமைப்பு. எழுதியது மாலையில் என்றாலும் காலையில் கெட்டதற்குக் காரணம், விடியற்காலையில் கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பி, புது அமைப்பைப் படித்துக்கொண்டதுதான்.

மறுபடி போன் போட்டேன். இந்த முறை தெலுங்கில் மரியாதை மிச்சமில்லை.

"நேற்று சாயந்திரம் இந்த சர்வரில் ப்ராக்ஸி போட்டது நீதானே?"

"அது செக்யூரிட்டிக்காக மேடம். எல்லா யூனிட்டிலும் போடச் சொன்னார்கள். அது மாற்றம் இல்லை, பாலிஸி."

"காலையில் கேட்டேனே!"

"உள் முகவரிகளுக்கெல்லாம் விலக்கு கொடுத்திருக்கிறேன் மேடம். கீழ் வரியைப் பாருங்கள், ஸ்டார் போட்டிருக்கிறேன்."

பார்த்தேன். உள் நெட்வொர்க் முகவரியின் முதல் பகுதியை எழுதி, மீதிக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார். இந்த எண்ணில் தொடங்கும் எதற்கும் ப்ராக்ஸி வேண்டாம் என்று அவர் நினைப்பு. என் நூலகத்துக்கு அந்த நட்சத்திரம் புரியாது. முகவரியை முழுசாக எழுத வேண்டும், அல்லது வரம்பை அதற்குரிய முறையில் எழுத வேண்டும்.

"ஸ்டார் போட்டால் வேலை செய்யும் என்று யார் சொன்னது? போட்ட பிறகு ஒரு தடவை சோதித்துப் பார்த்தாயா?"

"எல்லா இடத்திலும் போடுவதுதானே மேடம்."

"இப்போதே மாற்று."

"மாற்றச் சொல்லி முறைப்படி டிக்கெட் போடுங்கள் மேடம். அப்ரூவல் வந்ததும் சாயந்திரத்துக்குள் மாற்றிவிடுகிறேன்."

அந்தக் கோப்பைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை. அவருக்கு மட்டும்தான் உண்டு. போனை மேசைமேல் போட்டேன். அந்த அறையில் யாரும் இல்லை. நான் கத்திய வார்த்தை வெளியே கேட்டிருக்கும்.

பிறகு என் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். trust_env என்பதற்கு 'இல்லை' என்று. கம்ப்யூட்டரின் பொது அமைப்பு என்ன சொன்னாலும் காதில் வாங்காதே என்று அதற்குப் பொருள். ஓட்டினேன். எண் வந்தது. முப்பதடி தள்ளியிருந்த பெட்டியில் எரிந்த அதே எண். அந்த ஒரு வரியை அடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. மணி இரண்டரை.

வெளியே போய்க் காட்டாக்காரரிடம், "அண்ணா, தராசுல தப்பில்ல. நெட்வொர்க்ல தப்பு. என் புரோகிராமும் தப்பா சொல்லிடுச்சி" என்றேன்.

அவர் மெக்கானிக் கழற்றிப் போட்ட மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பதினாறு வருஷத்துல இந்தக் காட்டா ஒரு நாளு பொய் சொன்னதில்லம்மா" என்றார். "அந்த எழுத்து நீ எழுதுனதுதானே? எனக்கும் படிக்கத் தெரியும்." சட்டைப் பையில் மெமோ மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

நைனாவின் வண்டி காட்டாவில் ஏறும்போது நாலு மணி. எடை வந்தது, சீட்டு வந்தது, கேட் திறந்தது. உள்ளே தரம் பார்க்கிற ஆள் மேலே ஏறிப் பழத்தை ஒதுக்கி, அடியில் கைவிட்டு எடுத்தார். டிரெய்லரின் இடுக்கு வழியாகச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு வேண்டாம் என்று கழித்துவிட்டார். நான் ஓடிப்போய், "இது எங்க தப்பால நின்ன வண்டிங்க" என்று ஆரம்பித்தேன். நைனா என் கையைப் பிடித்தார்.

"வேல செய்ற எடத்துல கத்தாதம்மா. அவுரு இன்னா பண்ணுவாரு? பழம் கெட்டுத்தான் கீது."

கழித்த பழத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். ஏரிக்கரைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிவிட்டு ஊருக்குப் போனதாக அம்மா பிறகு சொன்னாள். அன்றைக்கு அப்படிப் போன வண்டி அவருடையது மட்டுமல்ல.

அடுத்த வாரம் திருப்பதி ஆபீஸில் மீட்டிங். நடந்ததைப் பற்றிய அறிக்கை முன்பே தயாராக இருந்தது. "கேட் புரோகிராமில் ஏற்பட்ட பிழை, எழுதியவரே சரிசெய்தார்." அவ்வளவுதான். ப்ராக்ஸி என்ற வார்த்தையே இல்லை. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

போடமாட்டேன் என்றேன்.

"சின்ன செட்டிங் விஷயத்தை இவ்வளவு பெரிசு பண்ணணுமா?" என்று தலைமை அதிகாரி கேட்டார். நெட்வொர்க்காரர் தன் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெலுங்கு நன்றாக வரும். அந்த நிமிடம் வரவில்லை. பாதி வாக்கியத்தில் தமிழுக்கு மாறிவிட்டேன். "சின்ன செட்டிங்கா? ரோட்டுல நிக்க வெச்சி ஒருத்தரத் திட்டி, மெமோ குடுத்திருக்கீங்க. அவரு என்ன தப்பு செஞ்சாரு? காலைல நான் கேட்டப்ப இந்த ஆளு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பத்து மணிக்குக் கேட் தொறந்திருக்கும். ஒரு வார்த்த! பழம் கொட்டிட்டுப் போனாங்களே, அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க சின்ன செட்டிங்னு!"

கோப்பு திருத்தப்பட்ட நேரத்தையும் உள்ளே நுழைந்தவர் பெயரையும் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன், மேசைமேல் வைத்தேன். அதற்கு அடியில் என் தவறையும் எழுதியிருந்தேன்: எந்தக் கோளாறு வந்தாலும் தராசின்மேல் பழி போடும்படி நான் எழுதியிருந்த வரி. காட்டாக்காரரின் மெமோவைத் திரும்பப் பெற்றால் இதில் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் எதிலும் இல்லை என்றேன்.

"டாக்குமெண்டில் ஸ்டார் பற்றித் தெளிவாக இல்லை" என்று நெட்வொர்க்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அதை மறைத்துச் சொல்ல விருப்பமில்லை.

மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பத்து நாள் ஆயிற்று. கடிதம் வந்த அன்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காட்டாக்காரர் படித்துவிட்டு, "சரிம்மா" என்றார். மேனேஜர் அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. நெட்வொர்க்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு ஒழுங்காக எழுதிவிட்டு, முடிந்தது என்று எனக்கு ஒற்றை வரி மெயில் அனுப்பினார். பழம் கெட்டவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அறிக்கையில் அவர்களைப் பற்றி நான் எழுதிய பத்தியை எடுத்துவிட்டிருந்தார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

நைனா அடுத்த லோடைப் பூதலப்பட்டுப் பக்கம் வேறொரு ஃபேக்டரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஏன் நைனா என்று போனில் கேட்டேன்.

"அங்க கூட்டம் கம்மிம்மா" என்றார்.

நான் தினமும் வரும் பஸ் அந்த ஃபேக்டரி வாசலைத் தாண்டித்தான் வருகிறது. அன்று காலையும் அங்கே எங்களைவிட இரண்டு மடங்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. சரி நைனா என்று சொல்லிப் போனை வைத்தேன்.